பழைய ஏடும் பழைய இயந்திரமும்

தமிழ்ப் பண்டிதன் ஒருவன் மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதப் புகுந்தால் வாசகர் சிலர் முறுவலிப்பர். சிலர், பத்திரிகையின் பக்கம் மாறிவிட்டதோ என்று ஐயுறுவர். ஏட்டுச் சுவடிக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் என்ன உறவு என்பது அவர்தம் வினாவாகலாம். உறவு உண்டென்பதே இக்கட்டுரையின் துணிபு. பழைய மோட்டார் சைக்கிளொன்றைத் தேடி வாங்கிச் செப்பஞ்செய்து ஓடவிடுவோர் பெறும் இன்பம், பழைய நூலொன்றைப் பரிசோதித்துப் பதிப்பிப்போர் பெறும் இன்பத்தோடு ஒருதன்மையது. இரண்டிற்கும் வேண்டிய ஒழுக்கமும் ஒன்றே. இரண்டிலும் நேரக்கூடிய கேடும் ஒன்றே.

1887ஆம் ஆண்டைத் தமிழ் கற்றோர் மறவார். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் அச்சேற்றிய ஆண்டு அது. செல்லரித்த சுவடிகளைத் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, மூலத்தைக் காண முயன்ற பெரியோர் அவர். அந்நாள் மட்டக்களப்பு மாவட்டத்துக் காரைதீவில் 1892இற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இன்னும் ஒருபடி மேற்சென்றார். வழக்கொழிந்து போன யாழ் என்னும் கருவியையே, நூற்சான்றும் கணிதமும் துணையாகக் கொண்டு மீட்டமைக்க முற்பட்டார். அதன் பயனாக 1947இல் யாழ்நூல் வெளிவந்தது. அடிகளார் விஞ்ஞானம் கற்பித்தவர் என்பதையும் நினைவிற் கொள்க. நாவற்குடாவுக்கு அணித்தான கல்லடியில் அவர்தம் சமாதியைக் கடந்து செல்லும்போதெல்லாம், கருவியைத் தொட்டறியும் அறிவும் நூலைக் கற்றறியும் அறிவும் பகையல்ல என்று எனக்குத் தோன்றும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எனக்கு வாய்த்தது பி.எஸ்.ஏ. கம்பனியார் செய்த ‘பான்டம்’ என்னும் சிறு வண்டி. கோழியிலே ஒரு குறுஞ்சாதிக்கு வழங்கும் பெயர் அது. படுவான்கரைப் பாடசாலையொன்றில் நெடுங்காலம் படிப்பித்து மறைந்த ஆசிரியர் ஒருவரது வண்டி. வாவிக்கரையிலே, கிடுகுக் கொட்டிலொன்றில், மீன்வலைகளின் கீழே கிடந்தது. பழைய இரும்பு வாங்குவோர் இருமுறை வந்து நிறைக்கு விலை பேசிச் சென்றனராம். ஆசிரியரின் மனைவியார் கொடுத்திலர். என்னிடம் அவர் விலையைப் பற்றி முதலிற் பேசவில்லை.

“இதை ஓடப் பண்ணுவீங்களா, இல்லாட்டிக் கழட்டி விப்பீங்களா, சேர்?” என்று கேட்டார்.

“ஓடப் பண்ணுவன், அம்மா” என்றேன். அதன் பின்னரே விலை பேசினோம்.

இத்தகைய வண்டியை வாங்கப் புகுவோர், வண்ணத்தையும் பளபளப்பையும் நோக்குமுன் எண்களை நோக்குதல் வேண்டும். சட்டத்தில் ஓர் எண்ணும் இயந்திரத்தில் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அவை பதிவுப் புத்தகத்திலுள்ள எண்களோடு ஒத்திருத்தல் வேண்டும். ஏட்டின் இறுதியில் அதனை எழுதினோன் தன் பெயரும் நாளும் குறித்து வைப்பானன்றோ? இவ்வெண்கள் அத்தகையன, வண்டி எக்காலத்தது, எவ்வகையினது என்பதை அறிந்தோர்க்குச் சொல்லிவிடும். எண் அராவப்பட்டிருப்பின், அவ்வண்டி எத்துணை அழகியதாயினும் கைவிடுக. ஆசிரியரின் பதிவுப் புத்தகம் பிளாஸ்திக் உறையொன்றுட் பேணப்பட்டு, அலுமாரியில், அவர்தம் நியமனக் கடிதத்தோடு கிடந்தது.

வண்டியின் மரபுவழியை ஆராயத் தொடங்கியபோதுதான் என் வியப்பு மிகுந்தது. பி.எஸ்.ஏ. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1861இல் துப்பாக்கி செய்வோரால் தொடங்கப்பெற்றது. ஆயினும் 1948இல் வெளிவந்த பான்டம் ஆங்கிலேயரது சொந்தக் கற்பனையன்று. ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. கம்பனியார் 1939இல் வெளியிட்ட ஆர்.டி. 125 என்பதே அதன் மூலம். இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியிடமிருந்து அதன் வரைபடங்கள் இழப்பீடாகப் பெறப்பட்டன. ஆங்கிலேயர் இயந்திரத்தைக் கண்ணாடியிற் கண்டாற்போல இடம்வலமாக மாற்றினர்; தம் நாட்டு வழக்கப்படி கியர் மாற்றும் கோல் வலக்காற் பக்கம் வரவேண்டுமென்பது காரணம். உருளையின் விட்டம் 52 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 58 மில்லிமீற்றர் என்னும் மூல அளவுகளை மட்டும் மாற்றிலர்.

அதே மூலத்திலிருந்து அமெரிக்காவின் ஹார்லி-டேவிட்சன் ஒரு வண்டி செய்தது. சோவியத் நாட்டில் ‘மொஸ்க்வா’ பிறந்தது. 1955இல் யப்பானின் யமஹா கம்பனி வெளியிட்ட முதல் மோட்டார் சைக்கிளும் அவ்வழியிற் பிறந்ததே. ஒரு மூலம், நாட்டுக்கொரு படி! படிகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பழகிய பண்டிதனுக்கு இதைவிட இனிய ஆராய்ச்சி வேறு யாதுளது?

தாய்ச்சுவடி அழிந்த பின்னரும் படி வாழ்ந்த கதையொன்றும் தமிழகத்தில் உண்டு. இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ரோயல் என்ஃபீல்ட் கம்பனியோடு சேர்ந்து சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1955இல் என்ஃபீல்ட் இந்தியாவை அமைத்தனர். இந்திய இராணுவத்துக்கு ‘புல்லட்’ வண்டிகள் வேண்டியிருந்தமை அதற்கு ஒரு காரணம். இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புக்களைத் திருவொற்றியூரில் வைத்துப் பொருத்தினர். பின்னர் அவ்வுறுப்புக்களைத் தாமே செய்யவும் கற்றனர். ரெடிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. திருவொற்றியூரில் வேலை நின்றிலது. 1977இல் அங்குச் செய்த புல்லட்டுக்கள் இங்கிலாந்துக்கே விற்பனைக்குச் சென்றன. வித்தை பிறந்த ஊரில் மறைந்து, கற்ற ஊரில் நிலைத்தது.

இனி, என் வண்டிக்கு வருவேன். நாவற்குடாவில் ஒருபுறம் வாவி, மறுபுறம் கடல். உப்புக் காற்றுக்கு இரும்பு தப்புவதில்லை. பிஸ்டன் உருளையோடு இறுகிக் கிடந்தது. என்னிடம் முன்னாளிற் படித்த இளைஞர் ஒருவர் இங்கே கராஜ் வைத்திருக்கிறார். அவர் சுத்தியலை எடுக்கவில்லை. பிளக் துளையினூடாக மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றி, நாள்தோறும் சிறிது சிறிதாக அசைத்துப் பார்த்தார். பதினொராம் நாள் அது நெகிழ்ந்தது. புகை போகும் வழியில் அடைத்திருந்த கரியைச் சுரண்டினோம். இத்தகைய இரண்டடிப்பு இயந்திரத்திற் பெற்றோலும் காற்றும் முதலில் அடிப்பெட்டிக்குட் புகுந்தே மேலே செல்லும். ஆதலின் அச்சுத்தண்டின் இருபுறத்து எண்ணெய்த் தடுப்பு வளையங்களும் பழுதின்றி இருத்தல் வேண்டும். அவை காய்ந்து வெடித்திருந்தன. புதியன இங்கிலாந்திலிருந்து தபாலில் வந்தன.

இதன்மேல் எழுந்ததே மெய்யான சிக்கல். வண்டியில் இடைச்செருகல்கள் பல இருந்தன. நம் நாட்டில் இது வியப்பன்று. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. அதன்பின் நீண்ட போர். வடபுலத்திற் பொருளாதாரத் தடை நிலவிய 1990களில், சில துளி பெற்றோலில் முடுக்கி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினர் நம்மவர். கிடைத்ததைக் கொண்டு கிடைக்காததைச் செய்தல் நம் பாஸ்மாரின் கலையாயிற்று. என் வண்டியிலும் கார்புரேட்டர் யப்பானியது; மட்கார்ட் நீல வண்ணத்தது; ஆசனத்தின் பின்னே, புத்தகக் கட்டு வைப்பதற்கென ஊர்க் கொல்லர் அடித்துக் கொடுத்த ஓர் இரும்புச் சட்டம்.

“ஒரிஜினலா வரவேணுமெண்டா இதையெல்லாம் கழட்டத்தான் வேணும், சேர்” என்றார் இளைஞர்.

அவர் கூற்றில் நியாயம் உண்டு. உலகெங்கும் இத்துறையில் இரு கட்சியினர் உளர். தொழிற்சாலையிலிருந்து அன்று வந்தது போலவே ஆக்கவேண்டும் என்பார் ஒரு சாரார். வண்டி வாழ்ந்த வாழ்வின் தடங்களை அழித்தலாகாது என்பார் மற்றொரு சாரார். பழங்கட்டடங்களைப் பேணுதற்கு 1964இல் வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனத்தை ஒட்டிப் பழைய வாகனங்களுக்கெனத் துரின் சாசனம் என்றொன்று அண்மைக்காலத்தில் எழுந்துள்ளது. வாகனத்தின் வரலாற்றை மதித்தல் வேண்டும் என்பது அதன் கருத்து.

நான் பதிப்பாசிரியரின் நெறியையே துணைக்கொண்டேன். மூலத்தின் பொருளை மறைக்கும் சொல் இடைச்செருகல். மூலத்தை விளக்கும் சொல் உரை. யப்பானியக் கார்புரேட்டர் இயந்திரத்தை அதன் இயல்பான மூச்சினின்றும் விலக்கியது; ஆதலின் அதனைக் கழற்றி, பழைய வகையினதைப் பூட்டினோம். கழற்றியதை எறியாமற் பெயரெழுதிப் பெட்டியில் வைத்துள்ளேன். நீல வண்ணத்தின் அடியிலே பழைய வெளிர்பச்சை தென்பட்டது, அதனை மீட்டோம். கொல்லரது இரும்புச் சட்டம் இயந்திரத்துக்கு யாதொரு தீங்கும் செய்யவில்லை. ஓர் ஆசிரியர் குருமண்வெளித் துறையிலே பாதையில் வண்டியை ஏற்றி வாவி கடந்து, மண்டூர்ப் புறத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொண்டு சென்ற செய்தியை அச்சட்டமன்றி உரைப்பார் யார்? அதனை விடுத்து வைத்தோம். இளைஞர் அரைமனத்துடன் உடன்பட்டார்.

ஒரு மாலையில், நான்காம் உதையில், இயந்திரம் உயிர்பெற்றது. முதலில் வெண்புகை, அடுத்து இருமல், பின்னர் ஒரே சீரான துடிப்பு. பல நாள் பொருள் விளங்காத செய்யுளொன்று திடீரென விளங்கும்போது நெஞ்சில் உண்டாகும் நிறைவை அறிந்தோர் அவ்வொலியின் இன்பத்தை அறிவர். அடுத்த நாள் அம்மையாரின் வாசலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒளிரும் தாங்கியை அவர் நோக்கவில்லை. பின்புறத்து இரும்புச் சட்டத்தைத் தடவிக்கொண்டு நெடுநேரம் நின்றார். என்னோடு வந்த இளைஞர் அதன்பின் அச்சட்டத்தைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல் மீண்டும் வழிவிடப்பட்டது. புதியன பெருக வரும்போது, கொட்டிலிற் கிடப்பவை நிறைக்குப் போகும். வண்டியோடு பதிவுப் புத்தகமும் போகும். அதனைத் திருத்தத் தெரிந்த முதியவரின் அறிவும் அவரோடு போகும். காதால் இயந்திர நோயறியும் பாஸ்மார் நம் ஊர்களில் இன்னும் சிலர் உளர். அவர்தம் வித்தை எந்த நூலிலும் ஏறியதன்று. அவர்கள் கருவிகளுக்கும் பழுதுகளுக்கும் வழங்கும் சொற்கள் எந்த அகராதியிலும் முழுமையாக இல்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒன்று சொல்வேன். ஊர்ப்பெயரும் நாட்டார் பாடலும் தொகுத்துவர மாணவரை அனுப்புகிறோம். அவர்களைக் கராஜுக்கும் ஒருமுறை அனுப்புவோம். கையில் ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். முதிய பாஸ் ஒருவர் வேலைசெய்யும்போது அருகிருந்து, அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதிவரட்டும். ஏடு தேடிய பெரியோர் செய்த பணியின் தொடக்கமும் இத்தகையதே. இன்று ஏடுகள் கிடுகுக் கொட்டில்களிலும் கிடக்கின்றன. எண்ணெய் படிந்த கைகளிலும் இருக்கின்றன.