பாட்டுடன் விரியும் படத்துணி

இசை செவிக்கு விருந்து, ஓவியம் கண்ணுக்கு விருந்து என்று இரண்டையும் வெவ்வேறாக வைத்து எண்ணிப் பழகிவிட்டோம். சபையிலே பாட்டைக் கேட்கிறோம். காட்சிசாலையிலே ஓவியத்தைக் காண்கிறோம். இவ்விரண்டையும் பிரிக்க இயலாதபடி பிணைத்து வளர்த்த கலையொன்று இராஜஸ்தானத்தில் உண்டு. அதற்குப் 'பட்' என்று பெயர். 'படம்' என்னும் சொல்லுக்குத் துணி என்ற பொருளும் நம் தமிழில் உண்டென்பதை இங்கே நினைவு கூரலாம்.

பாபூஜி என்னும் வீரத் தெய்வத்தின் வரலாற்றைக் கூறும் பட், ஏறத்தாழ 15 அடி நீளமுள்ள ஓவியத் துணியாகும். பில்வாரா, ஷாபுரா ஆகிய ஊர்களைச் சார்ந்த ஜோஷி குடும்பத்தார் இதனை வழிவழியாக எழுதி வருகின்றனர். கஞ்சியிட்டு மெருகேற்றிய பருத்தித் துணியில் யானையும் குதிரையும் அரண்மனையும் போர்க்களமும் இடைவெளியின்றி நிறைந்திருக்கும். இறுதியாகத் தெய்வத்தின் கண்ணை எழுதியபின், அத்துணி ஊர்தோறும் செல்லும் கோயிலாகவே மதிக்கப்படுகிறது.

இரவிலே ஊர் கூடுமிடத்தில் இந்தத் துணியை விரித்துக் கட்டுவார்கள். 'போபா' எனப்படும் பாடகர், இராவணஹத்தா என்னும் நரம்புக் கருவியை வில்லால் இசைத்துக்கொண்டே பாடி ஆடுவார். வில்லிற் கட்டிய சலங்கைகள் தாளமிடும். அவருடைய மனைவியாகிய 'போபி' எண்ணெய் விளக்கை ஏந்தி உடன் பாடுவார்.

துணியிலுள்ள காட்சிகள் கதை நடந்த வரிசையில் அமைந்தவையல்ல என்பதே இக்கலையின் நுட்பம். எந்த நிகழ்ச்சி எவ்விடத்தில் நடந்ததோ, அவ்விடத்துக்குரிய பகுதியிலேயே அது எழுதப்பட்டிருக்கும். ஆகவே அருகருகே நிற்கும் இரண்டு உருவங்கள் கதையின் வெவ்வேறு கட்டங்களைச் சேர்ந்தவையாக இருக்கக்கூடும். இடத்தைத் துணி காட்டுகிறது. முன்பின் முறையைப் பாட்டு உணர்த்துகிறது. பாட்டு செல்லும் வழியே விளக்கும் சென்று, உரிய உருவத்தை மட்டும் இருளினின்று வெளிக்கொணர்கிறது. பாட்டு நின்றுவிட்டால் துணி ஊமையாகிவிடும்.

இக்கவலைக்கு இன்று காரணம் உண்டு. ஜோஷி குடும்பத்து ஓவியர் ஸ்ரீலால் ஜோஷி, பிற குடும்பத்தாருக்கும் இக்கலையைக் கற்பித்தார். 2006இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2021இல் மறைந்தார். சுவரில் மாட்டத்தக்க சிறு துணிகள் கடைகளில் விலையாகின்றன; ஓவியம் பிழைத்துக்கொண்டது. ஆனால் இரவு முழுவதும் விழித்திருந்து கேட்கும் அவையோ சுருங்கி வருகிறது.

வடமாநிலங்களில் வாழும் நாம் இதற்குச் சிறிதேனும் உதவ இயலும். நமது சங்க விழாவொன்றுக்குப் போபா தம்பதியரை அழைப்போம். கதையை முன்னதாக ஒருவர் தமிழில் சொல்லிவிட்டால் மொழி தடையாகாது. பிறகு மின்விளக்குகளை அணைத்துவிட்டு, போபியின் கைவிளக்கு காட்டும் வழியே நாமும் செல்வோம்.