அரசாங்கத்தால் பிடிக்க முடியாத வௌவால்

1960 அக்டோபர் நடுவில், கியூபாவின் புரட்சி அரசு ஒரே சட்டத்தால் 382 நிறுவனங்களைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. பட்டியலில் பகார்டியும் இருந்தது. சாந்தியாகோ நகரத்து ரம் ஆலை, கிடங்கில் முதிர்ந்துகொண்டிருந்த பீப்பாய்கள், ஹவானாவில் இருந்த அலுவலக மாளிகை என்று கண்ணுக்குத் தெரிந்த அத்தனையும் அரசுடைமை ஆயின. நூறு வருஷத்துக்கு இரண்டே வருஷம் குறைவாக நடந்த குடும்பத் தொழில் அத்தோடு முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும். முடியவில்லை. இன்றும் ஒரு குடும்பத்தின் கையிலேயே இருக்கிற மதுபான நிறுவனங்களில் ஆகப் பெரியவற்றுள் ஒன்று அது. எடுக்க வந்தவர்கள் கைக்குச் சிக்காமல் போனவை இரண்டு: ஒரு குடும்பப் பெயர், ஒரு வௌவால் படம்.

ஃபகுண்டோ பகார்டி ஸ்பெயினின் சிட்ஜஸ் என்ற கடலோர ஊரிலிருந்து 1830இல், பதின்ம வயதில், பிழைப்புத் தேடிச் சாந்தியாகோவுக்குக் கப்பல் ஏறியவர். கடை வைத்தார். 1852இல் நிலநடுக்கம் வந்தது, பின்னாலேயே காலரா வந்தது, குடும்பத்தில் உயிர்களும் போயின. சில வருஷத்தில் கடையும் திவாலாகிவிட்டது. 1862 பிப்ரவரியில், நூன்ஸ் என்ற ஆங்கிலேயர் நடத்திவந்த சிறிய வடிசாலை ஒன்றைச் சகோதரரோடும் ஒரு கூட்டாளியோடும் சேர்ந்து வாங்கினார். அந்தக் காலத்து ரம் மாலுமிகளின் சரக்கு, தொண்டையைக் கிழிக்கும். மொலாசஸ், அதை நொதிக்கவைக்கும் ஈஸ்ட் இரண்டையும் பார்த்துத் தேர்ந்து, வடித்ததைக் கரியில் வடிகட்டி, ஓக் மரப் பீப்பாயில் ஊறவைத்து, அவர் அதைச் சாதுவாக்கினார்.

அந்த வடிசாலையின் கூரை விட்டங்களில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாகத் தொங்கின. அவற்றைப் பார்த்த ஃபகுண்டோவின் மனைவி அமாலியா, இதையே சரக்குக்கு அடையாளமாக வைக்கலாம் என்று சொன்னதாகக் குடும்பத்தில் சொல்லிவருகிறார்கள். நம் ஊரில் ஒருவர் கடை திறந்து பெயர்ப்பலகையில் வௌவால் வரையச் சொன்னால், “அண்ணே, வேற ஏதாச்சும் யோசிங்களேன்” என்று பெயின்டரே தடுத்துவிடுவார். ஸ்பெயினின் கிழக்குக் கரையில் அப்படி இல்லை. வலென்சியா நகரத்தின் சின்னத்திலேயே வௌவால் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. கியூபாவின் பழங்குடிகளுக்கும் அது நல்ல சகுனம்தான் என்பார்கள். சகுனத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அன்றைய சாந்தியாகோவில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஏராளம். பகார்டி என்ற எழுத்துகள் அவர்களுக்கு வெறும் கோடுகள். வௌவாலைச் சின்னப் பிள்ளையும் அடையாளம் காணும். வாடிக்கையாளர்கள் ‘வௌவால் ரம்’ என்று கேட்டு வாங்கத் தொடங்கினார்கள்.

இன்று ஒரு நிறுவனம் அடையாளம் வடிவமைக்கக் கிளம்பினால் ஆய்வு, குழு, அறிக்கை என்று மாதக்கணக்கில் ஓடும். அமாலியாவின் யோசனையில் இவை எதுவும் கிடையாது. ஆனால் நல்ல வடிவமைப்பாளர் கேட்கிற கேள்வி அதில் இருந்தது: வாங்குகிறவன் எதைப் பார்த்து நம் பாட்டிலைக் கண்டுபிடிப்பான்?

சரக்கு ஓடத் தொடங்கியதும் போலிகள் வந்தன. ஃபகுண்டோ லேபிளில் தன் கையெழுத்தைச் சேர்த்தார். 1876இல் பிலடெல்பியா கண்காட்சியில் பதக்கம் கிடைத்தது. பதக்கமும் லேபிளில் ஏறியது. 1888இல் ஸ்பெயின் அரச குடும்பத்துக்குச் சரக்கு வழங்குவோர் என்ற அந்தஸ்து வந்தது. பின்னர் அரச முத்திரையும் ஏறியது. இந்த முத்திரையில்தான் வேடிக்கை. ஃபகுண்டோவின் மூத்த மகன் எமிலியோ, ஸ்பெயினிடமிருந்து கியூபா விடுதலை பெற வேண்டும் என்று வேலை செய்தவர். அதற்காக ஸ்பெயின் அரசு அவரை இருமுறை ஆப்பிரிக்கக் கரைச் சிறைகளுக்கு அனுப்பியது. அரசரை எதிர்த்துச் சிறையில் கிடந்தவரின் குடும்பச் சரக்கு, அரசரின் முத்திரையோடு விற்றது. ஸ்பெயின் வெளியேறிய பிறகு எமிலியோ சாந்தியாகோவின் மேயரானார். முத்திரையை யாரும் சுரண்டி எடுக்கவில்லை. குடும்ப நிறுவனத்து லேபிளில் ஒன்றைச் சேர்ப்பது சுலபம். எடுப்பது பாகப்பிரிவினை மாதிரி.

குடும்பத்தினர் லேபிளோடு நிற்கவில்லை. 1930இல் ஹவானாவில் எழுப்பிய பகார்டி மாளிகை ஆர்ட் டெக்கோ பாணியில் அமைந்தது. அதன் உச்சியிலும் வௌவால்தான். 1950களில் நிறுவனத்தை நடத்திய பெபின் போஷ், குடும்பத்துக்கு மாப்பிள்ளையாக வந்தவர். தடுப்புச் சுவரே இல்லாத அலுவலகம் வேண்டும் என்று நவீனக் கட்டடக் கலையின் பெரும்புள்ளியான மீஸ் வான் டெர் ரோவை அழைத்தார். சாந்தியாகோவுக்காக மீஸ் வரைந்தது பிரம்மாண்டமான ஒற்றைக் கூரை. கடல் உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் என்பதால் கான்கிரீட்டில் திட்டமிட்டார். புரட்சியில் அந்தக் கட்டடம் எழும்பாமலே போனது. ஆனால் அந்த யோசனையை மீஸ் விடவில்லை. எஃகுக்கு மாற்றி, பெர்லினில் 1968இல் திறந்த புதிய தேசியக் கலைக்கூடத்தில் அதைக் கட்டிமுடித்தார். ஒரு ரம் கம்பெனியின் ஆபீஸ் கூரைக்குக் கீழேதான் ஐரோப்பாவின் நவீன ஓவியங்கள் தொங்குகின்றன என்று சொன்னால் கலைக்கூடத்தார் கோபித்துக்கொள்ளலாம். பொய் இல்லை.

வெளியே தெரியாத ஒரு வேலையும் இத்தனை காலமும் நடந்துகொண்டிருந்தது. 1936இல் நியூயார்க் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு: ‘பகார்டி காக்டெய்ல்’ என்று பட்டியலில் போட்டுவிட்டு வேறு ரம்மை ஊற்றிக் கொடுக்கலாமா? கூடாது என்று தீர்ப்பு வந்தது. அதே சமயத்தில் பகார்டி போர்ட்டோ ரிக்கோவில் ஆலை தொடங்க, உள்ளூர் ஆலைகளைக் காக்க நினைத்த அந்தத் தீவின் சட்டமன்றம், வெளியில் ஏற்கெனவே புழங்கும் வணிகச்சின்னங்களை அங்கே தயாராகும் மதுவில் ஒட்டத் தடை விதித்தது. ஆலை போட அனுமதி. வௌவாலுக்கு அனுமதி இல்லை! வௌவால் இல்லாத பாட்டிலை வைத்து என்ன செய்வது? வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. வணிகச்சின்னங்களைக் காக்க அமெரிக்கக் கண்டத்து நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தைக் காட்டி, 1940இல் பகார்டி ஜெயித்தது. சின்னம் ஆலையோடு ஒட்டிப்பிறந்தது அல்ல, அது தனிச் சொத்து என்பதை அந்தக் குடும்பம் இப்படித்தான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

கற்றது 1960இல் கைகொடுத்தது. காஸ்ட்ரோவைத் தொடக்கத்தில் இவர்கள் ஆதரித்தவர்கள். புரட்சி வென்றபோது ஹவானா மாளிகையில் நன்றி சொல்லிப் பேனர் தொங்கியது. 1959இல் காஸ்ட்ரோ அமெரிக்கா போனபோது போஷும் உடன் சென்றார். ஆனால் மனுஷர் முன்யோசனைக்காரர். அரசு ஆட்கள் ஆலைக்குள் நுழைவதற்கு முன்பே வணிகச்சின்ன உரிமை நாட்டைவிட்டு வெளியேறியிருந்தது. போர்ட்டோ ரிக்கோவிலும் மெக்சிகோவிலும் ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. கைப்பற்றிய ஆலையில் வடித்த ரம்மைப் பகார்டி பெயரிலேயே ஏற்றுமதி செய்யக் கியூப அரசு முயன்றது. நாடு நாடாக நீதிமன்றங்கள் தடுத்தன. சாந்தியாகோவின் பழைய ஆலையில் வடித்த ரம், பிறகு ‘கனேய்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஊர் அதே ஊர், கிடங்கு அதே கிடங்கு. வௌவால் மட்டும் இல்லை.

ஆலை வாசலில் 1862இல் ஃபகுண்டோவின் பையன் நட்ட தென்னை, நாட்டுடைமை ஆன சமயத்தில் பட்டுப்போனதாக ஒரு கதை உண்டு. மரம் நிற்கும்வரை தொழில் நிற்கும் என்று ஊரார் சொல்லிவைத்தார்களாம். நூறு வயதுத் தென்னை பட்டுப்போக புரட்சி எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் நல்ல கதையை எந்த விளம்பரப் பிரிவும் வீணாக்குவதில்லை.

நாடு கடந்த பிறகு நிறுவனம் பெர்முடாவில் தலைமையகம் வைத்து மற்றவர் பிராண்டுகளையும் வாங்கியது: மார்ட்டினி, டூயர்ஸ், பாம்பே சஃபையர், கிரே கூஸ், 2018இல் பட்ரோன். அந்தப் பாட்டில்கள் எதிலும் வௌவாலை ஒட்டவில்லை. சரியான முடிவு. வாங்கியது அந்தப் பெயர்களுக்காகத்தானே! தங்கள் வௌவாலை மட்டும் அவ்வப்போது திருத்துகிறார்கள். ஒரு கட்டத்தில் அது வழவழப்பாகி, எந்த மென்பொருள் கம்பெனிக்கும் பொருந்துகிற உருவமாகியிருந்தது. 2010களில் பின்னோக்கிப் போனார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கையால் வரைந்த பழைய வௌவால்களைத் தேடியெடுத்து, அவற்றின் முகமும் சிறகு நரம்பும் தெரிகிற மாதிரி மறுபடி வரைந்தார்கள். எழுத்துகளும் ஆர்ட் டெக்கோ காலத்துச் சாயலுக்குத் திரும்பின. எனக்கு இந்த வௌவால் பிடித்திருக்கிறது. இதற்கு உயிர் இருக்கிறது.

இந்தியாவில் மதுவுக்குத் தொலைக்காட்சி விளம்பரம் கிடையாது. இங்கே அந்தப் பெயரை ‘என்.எச்.7 வீக்கெண்டர்’ என்ற இசை விழா சுமந்து திரிந்தது. பாட்டுக் கேட்க வந்த இளைஞனின் கண்ணில் மேடையிலும் பதாகையிலும் பகார்டி. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்காகப் பிறந்த அடையாளத்துக்கு, சரக்கைப் பற்றிப் பேச முடியாத நாடு பெரிய தடையாக இல்லை. இது பாராட்டா, புகாரா என்று கேட்டால், இரண்டும்தான்.

அதே கியூபாவில் இன்னொரு குடும்பம் இருந்தது. கார்தெனாஸ் நகரத்து அரேச்சபாலா குடும்பம் 1930களில் ‘ஹவானா கிளப்’ என்ற ரம்மைக் கொண்டுவந்தது. 1960இல் அவர்கள் ஆலையும் பறிபோனது. வெளிநாட்டில் ஆலையும் இல்லை, பணமும் இல்லை. 1973இல் அமெரிக்காவில் பெயர்ப் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். 1976இல் கியூப அரசு அதைத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டது. 1993இல் பிரான்ஸின் பெர்னோ ரிக்கார் கியூபாவோடு கூட்டுச் சேர்ந்து, ஹவானா கிளப்பை உலகமெங்கும் கொண்டுபோனது. அதன் பிறகு பகார்டி, அரேச்சபாலா குடும்பத்தாரிடம் எஞ்சியிருந்த உரிமையை விலைக்கு வாங்கிக் களத்தில் இறங்கியது. 1998இல் அமெரிக்க நாடாளுமன்றம், பறிமுதலான கியூப நிறுவனங்களின் சின்னங்களுக்கு அங்கே பாதுகாப்புக் கிடையாது என்று ஒரு பிரிவைச் சட்டத்தில் சேர்த்தது. அதன் பின்னணியில் பகார்டியின் கை இருந்தது ஊரறிந்த விஷயம். பறிகொடுத்தவர்கள் என்ற அனுதாபம் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் குறைகிறது.

அமெரிக்காவில் பகார்டி விற்கும் ஹவானா கிளப் போர்ட்டோ ரிக்கோவில் தயாராகிறது. இது மக்களை ஏமாற்றுவது என்று பெர்னோ ரிக்கார் தொடுத்த வழக்கில், 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: பாட்டிலில்தான் ‘போர்ட்டோ ரிக்கோ ரம்’ என்று தெளிவாகப் போட்டிருக்கிறதே, ஏமாற்று எங்கே? 2016இல் அமெரிக்க அரசு கியூபாவின் பதிவைப் புதுப்பிக்க அனுமதித்தது. 2024 டிசம்பரில் வந்த புதுச் சட்டம், பறிமுதலான சின்னங்களை அமெரிக்க நீதிமன்றங்களும் பதிவு அலுவலகமும் ஏற்கக் கூடாது என்று இறுக்கியது. இப்போதைக்கு நிலவரம் இதுதான்: பாரிஸில் ஹவானா கிளப் கேட்டால் கியூபா ரம் வரும், மயாமியில் கேட்டால் போர்ட்டோ ரிக்கோ ரம் வரும்.