சின்னக் கார்டுக்கும் சூடு உண்டு!
வாங்கும் முன் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்

பெங்களூர் டவுன்ஹால் அருகே உள்ள எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் சாமான்களுக்குப் பெயர் பெற்றது. கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்களும் விளையாட்டுப் பிரியர்களும் அங்கே தேடும் பொருள், 'கிராபிக்ஸ் கார்டு'. திரையில் தெரியும் படத்தைக் கணக்கிட்டுத் தருவது இதுதான்.

பெட்டி சிறியது என்றால் கார்டும் சிறியதாக வேண்டும். 2024 பிப்ரவரியில் வந்த 'என்விடியா' ஆர்.டி.எக்ஸ். 3050 (6 ஜி.பி.) கார்டில் உயரம் குறைந்த ரகமும் உண்டு. 70 வாட் மின்சாரம் போதும். மதர்போர்டின் 'ஸ்லாட்' தரும் 75 வாட்டுக்குள் அடங்குவதால், பொதுவாக தனி ஒயர் தேவையில்லை.

கையைச் சுடும் பல்பு

ஆனால் அந்த 70 வாட்டும் கடைசியில் சூடாகவே வெளியேறுகிறது. பழைய 60 வாட் குண்டு பல்பை எரியும்போது தொட முடியுமா? அதைவிட அதிகச் சூட்டை, உள்ளங்கை அளவுத் தகடும் சின்ன விசிறியும் வெளியேற்ற வேண்டும். முடியாதபோது கார்டு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். படம் திக்கித் திக்கி ஓடும்.

சோதிப்பது எப்படி?

கடையில் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினால் போதாது. அப்போது கார்டு இன்னும் முழுச் சூட்டை எட்டியிருக்காது. பெட்டியை மூடி, கனமான வேலை கொடுத்து அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். 'ஜி.பி.யு.-இசட்' என்ற இலவச சாப்ட்வேர் சூடு, வேகம், விசிறியின் சுற்று மூன்றையும் காட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். சூடு ஓர் அளவில் நின்று, வேகமும் குறையாமல் இருந்தால் கார்டு தேறியது.

வேலூர் வெயிலில்?

அறையின் வெப்பத்தையும் மறக்காமல் எழுதுங்கள். பெங்களூர் குளிரில் 25 டிகிரி அறையில் 72 டிகிரி காட்டும் கார்டை வேலூருக்கு எடுத்துச் செல்கிறீர்கள் என்று வையுங்கள். மே மாதம் அங்கே அறை 38 டிகிரி இருந்தால், விசிறி அதே வேகத்தில் சுற்றும்போது கார்டு 85 டிகிரியைத் தொடும். அறையில் ஏறும் 13 டிகிரி கார்டிலும் ஏறும்.

ஆகவே, ஊருக்கு அனுப்பப் போகிறவர்கள் 85 டிகிரிக்கு இடம் விட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். பெட்டியில் காற்று நுழைய ஒரு வழி, வெளியேற ஒரு வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கார்டு என்றால், தூசி துடைத்த பிறகே சோதனை!