42,000 ரூபாய்க்கு டி.ஏ.சி. வாங்கலாமா? நாலு மாசம் கூட இருந்து பாத்த கணக்கு

அறந்தாங்கியில இருந்து ஒரு ஆசிரியர், நம்ம சேனலை ரொம்ப நாளா பாக்கறவர், ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். வீட்டுல பழைய ஆம்ப்ளிஃபயர், ஒரு ஜோடி ஸ்பீக்கர் இருக்கு. அதுக்கு 42,000 ரூபாய்ல ஒரு டி.ஏ.சி. பாத்து வச்சிருக்கார். "நோ காஸ்ட் இ.எம்.ஐ. வருது சார், மாசம் 3,500 தான். எடுத்துடலாமா?"

இதுக்கு நான் பதில் சொல்ல ஒரு காரணம் இருக்கு. புதுக்கோட்டையில எங்க வீட்டு ஹால்ல நாலு மாசமா ஒரு டி.ஏ.சி. ஓடிக்கிட்டிருக்கு. ஜி.எஸ்.டி. 1,440 சேத்து 9,440 ரூபாய். பிராண்ட் பேரு சொல்லப்போறதில்லை. இது ஸ்பான்சர் பதிவு கிடையாது.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பாட்டு உங்க போன்லயோ டி.வி.யிலயோ வெறும் எண்களாத்தான் இருக்கு. சி.டி. தரம்னா ஒரு செகண்டுக்கு 44,100 எண்கள், இடது வலது ரெண்டு பக்கத்துக்கும். அந்த எண்களை ஆம்ப்ளிஃபயருக்குப் புரியற மின் அலையா மாத்தறதுதான் டிஜிட்டல் டு அனலாக் கன்வெர்ட்டர், அதாவது டி.ஏ.சி. நம்ம குடுமியான்மலையில மேலைக்கோயில் குடவரைக்குப் பக்கத்துல பாறையில ஸ்வரங்களை வெட்டி வச்சிருக்காங்க, ஏழாம் நூற்றாண்டுன்னு சொல்றாங்க. அந்தப் பாறை தானா பாடாது. படிச்சுப் பாட ஒருத்தர் வேணும். டி.ஏ.சி.க்கும் அதே வேலைதான்.

இதுல ஒண்ணு கவனிங்க. உங்க போன், லேப்டாப், டி.வி. எல்லாத்துக்குள்ளயும் ஏற்கெனவே ஒரு டி.ஏ.சி. இருக்கு. ஹெட்ஃபோன் ஜாக் இல்லாத போனுக்கு ஆயிரம் ரூபாய் சுத்துவட்டாரத்துல ஒரு குட்டி வயர் விக்கறாங்களே, ஆப்பிள் விக்கற வயர் மாதிரி பலதுக்குள்ளயும் ஒண்ணு உக்காந்திருக்கு. அதனால கேள்வி "டி.ஏ.சி. வேணுமா"ங்கறது இல்ல. "இருக்கற டி.ஏ.சி. எதுல மோசம்"ங்கறதுதான்.

எங்க வீட்டுல மோசம் என்னன்னா, டி.வி. ஜாக்ல இருந்து வந்த 'ஸ்ஸ்ஸ்' சத்தம். அடியில ஒரு 'ம்ம்ம்' வேற. புது டி.ஏ.சி.யை ஆப்டிகல் கேபிள்ல போட்டதும் ரெண்டும் போயிடுச்சு. ஆப்டிகல்ல போறது வெளிச்சம். கரண்டு அந்த வழியா வர முடியாது. டிஷ் ஆன்டெனா கேபிளோட எர்த்தும் ஆம்ப்ளிஃபயரோட எர்த்தும் சேந்து ஒரு வளையம் போட்டு, அதுல 50 ஹெர்ட்ஸ் சத்தம் கிளம்புறதுதான் பல வீடுகள்ல அந்த 'ம்ம்ம்'. இதுக்கு வைத்தியம்னு சொல்லி ப்ளக்ல மூணாவது பின்னை எடுத்துடறாங்க. தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க, உயிருக்கு ஆபத்து. எல்லாத்தையும் ஒரே போர்டுல சொருகிப் பாருங்க. டி.வி.யில ஆப்டிகல் அவுட் இருந்தா அதைப் பயன்படுத்துங்க. எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு எர்த் சரியா இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் வச்சிருக்கறவங்களுக்கு கரண்டு போன நேரத்துல வர்ற இரைச்சல் தனிக் கதை. அதை டி.ஏ.சி.யை மாத்தித் தீர்க்க நினைச்சா பணம்தான் போகும்.

இரைச்சல் போனதும் கேக்கற விதமே மாறிடுச்சு. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்த மான்பூண்டியா பிள்ளை நம்ம ஊர்க்காரர். அந்தக் கஞ்சிராவுல இடது கை தோலை அழுத்தும்போது சத்தம் வளையுமே, அது இப்போ முழுசா அடங்கற வரைக்கும் கேக்குது. முன்னாடி அதோட வால் இரைச்சலுக்குள்ள போயிடும். சும்மா சொல்லல, ராத்திரி ஒன்பதரைக்கு மேல டி.வி. சீரியலை விட்டுட்டு நாங்க பாட்டு கேக்கறோம், ஒரு நாளைக்கு 40 நிமிஷமாவது.

ஆனா இதை வச்சு "9,440-க்கே இப்படின்னா 42,000-க்கு எப்படி இருக்கும்"னு போயிடாதீங்க. நான் ஒரு சோதனை பண்ணேன். திரும்பி உக்காந்துக்கிட்டேன், மனைவி வயரை மாத்தி மாத்திப் போட்டாங்க. டி.வி. ஜாக்கா, புது டி.ஏ.சி.யா? பத்துக்குப் பத்து சரியா சொன்னேன். அடுத்து அந்த ஆயிரம் ரூபாய் வயரா, புது டி.ஏ.சி.யா? பத்துல ஆறு. காசு சுண்டிப் போட்டாலே ஆறு அல்லது அதுக்கு மேல சரியா வர 38% வாய்ப்பு இருக்கு. அதாவது எனக்கு வித்தியாசம் தெரியல. "இதுக்காங்க எட்டாயிரத்து சொச்சம் அதிகமா குடுத்தீங்க?"ன்னு கேட்டாங்க. ஆப்டிகல் வசதிக்கும் ரிமோட்டுக்கும்னு சொன்னேன். அது உண்மையும் கூட.

இந்தச் சோதனையில ஒரு சூட்சுமம் இருக்கு. தனி டி.ஏ.சி. பெரும்பாலும் 2 வோல்ட் குடுக்கும். லேப்டாப் ஜாக் பலதும் அதுல பாதிதான். சத்தம் கொஞ்சம் கூடினாலே நம்ம காது 'நல்லா இருக்கு'ன்னு சொல்லிடும். அதனால போன்ல சவுண்ட் மீட்டர் ஆப் போட்டு ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்துட்டு அப்புறம் கேளுங்க. ஷோரூம்ல இதை யாரும் பண்ண மாட்டாங்க.

இப்போ சாரோட இ.எம்.ஐ. மாசம் 3,500, பன்னெண்டு மாசம், மொத்தம் 42,000. பாத்தா வட்டி இல்லாத மாதிரிதான் தெரியும். 2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. நடக்கறது என்னன்னா, விலையில கொஞ்சம் தள்ளுபடி காட்டி, அதே தொகையை வட்டியா வாங்கறாங்க. 16% வட்டின்னு வச்சுக்கிட்டா இதுக்குள்ள சுமார் 3,425 வட்டி இருக்கு. அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி. 616 ரூபாய். ப்ராசஸிங் ஃபீ 199-ன்னா ஜி.எஸ்.டி.யோட 235. ஆக 850 ரூபாய் சொச்சம் தனியா போகும். பெரிய தொகை இல்லதான். எனக்குப் பயம் வேற இடத்துல. ரிட்டயர் ஆகப்போறவர், சம்பளம் பென்ஷனா மாறப்போற வருஷம், அவசர நிதி இன்னும் ஆறு மாசச் செலவுக்கு வரலன்னு அவரே எழுதியிருக்கார். அந்த நேரத்துல மாசாமாசம் 3,500 கட்டாயச் செலவு.

இன்னொண்ணு, 42,000 டி.ஏ.சி. வந்ததும் பழைய ஆம்ப்ளிஃபயர் கண்ணுல குத்த ஆரம்பிக்கும். அப்புறம் கேபிள், அப்புறம் ஸ்பீக்கர். ஸ்பீக்கரையும் அது நிக்கற இடத்தையும் மாத்தினா கிடைக்கற வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு பெருசு. ஸ்பீக்கரைச் சுவத்துல இருந்து ஒரு அடி தள்ளி வச்சுப் பாக்க ஒரு பைசா செலவில்லை.

வியாபாரம் பண்ற நண்பர்கள் கேக்கறதுக்கும் சொல்லிடறேன். "கம்பெனி பேருல பில் போட்டு 6,407 ஜி.எஸ்.டி.யைக் கிரெடிட் எடுத்துக்கலாமா?" வீட்டுல பாட்டு கேக்கறதுக்குன்னா முடியாது. சி.ஜி.எஸ்.டி. சட்டம் 17(5)-ல சொந்த உபயோகப் பொருளுக்குக் கிரெடிட் கிடையாதுன்னு தெளிவா இருக்கு. நான் சேனல் எடிட்டிங்குக்குன்னு எழுதலாமேன்னு ஜூனியர் பையன் கேட்டான். டி.ஏ.சி. ஹால்ல இருக்கு தம்பி, எடிட்டிங் மாடியில நடக்குது.

சாருக்கு நான் எழுதின பதில்: முதல்ல எர்த் பாருங்க, அந்த ஆயிரம் ரூபாய் வயரை வாங்கிப் போடுங்க, ரெண்டு மாசம் கேளுங்க. அதுக்கப்புறமும் குறை இருந்தா, கையில இருக்கற காசுல பத்தாயிரத்துக்குள்ள பாருங்க. போன வாரம் பதில் போட்டிருந்தார். வயர் வந்துடுச்சாம், ஆம்ப்ளிஃபயரையும் டி.வி.யையும் ஒரே போர்டுக்கு மாத்தினதுல 'ம்ம்ம்' பாதி குறைஞ்சிருக்காம். 42,000 லிங்க்கை மட்டும் இன்னும் அழிக்கலையாம்.