கறியைக் குறைப்போம்: உடம்புக்கும் நல்லது, ஆட்டுக்கும் நல்லது

ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி எல்லாமே சிவப்பு இறைச்சிதான். எதைச் சாப்பிடுவது என்பது அவரவர் உரிமை. அதில் அடுத்தவர் தலையிட இடமில்லை. எவ்வளவு சாப்பிட்டால் உடம்பு தாங்கும், அந்த ஆடு என்ன பாடுபட்டுக் கடைக்கு வந்தது என்று தெரிந்துகொள்வதும் அதே அளவு நம் உரிமை.

என்ன ஆபத்து?

2015 அக்டோபரில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, 800-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசித் தன் முடிவைச் சொன்னது. சாசேஜ், சலாமி, பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதி. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் அந்த ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடும். சாதாரண சிவப்பு இறைச்சிக்கும் அந்தத் தொடர்பு இருக்கப் பெரும்பாலும் வாய்ப்புண்டு. கறியிலுள்ள கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலையும் ஏற்றிவிடும். சமைத்த கறி வாரத்துக்கு 350 முதல் 500 கிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் கடமை என்கிறது அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவு. சினை ஆட்டையும், மூன்று மாதத்துக்கும் குறைவான குட்டியையும், அப்படிப்பட்ட குட்டியுள்ள தாயையும் அறுக்கக் கூடாது. ஓர் ஆட்டின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக் கூடாது. கால்நடை மருத்துவரின் சான்றும் வேண்டும். இவை 2001-ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள். காலைக் கட்டித் தொங்கவிட்டோ, மூச்சுமுட்ட அடைத்தோ வண்டியில் கொண்டுபோவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

நாம் என்ன செய்யலாம்?

கறிக்கடையில் தொங்கும் தொடையில் இறைச்சிக்கூட முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்தையும் கேளுங்கள். சுத்தமில்லை, கெட்டுப்போன கறி என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும், ஆட்டை வதைப்பதைக் கண்டால் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். இடம், நேரம், வண்டி எண், படம் இருந்தால் புகார் வலுப்பெறும்.

வீட்டில் ஒரு கிலோ எடுக்கும் இடத்தில் அரைக்கிலோ போதும். "கொழுப்பை எடுத்துட்டு வெட்டுங்கண்ணே" என்று சொல்லி வாங்குங்கள். குழம்பில் முருங்கைக்காயும் கத்திரிக்காயும் சேர்ந்தால் சட்டி நிறையும். கடலைப்பருப்போடு தால்ச்சா வைத்தால் கொஞ்சம் கறியே வீட்டுக்கெல்லாம் காணும். கரியும்படி சுடுவதைத் தவிருங்கள். அதில் புற்றுநோயைத் தூண்டும் பொருள்கள் உருவாகின்றன. புரதத்துக்கு மத்தி, முட்டை, சுண்டல் இருக்கின்றன. இரும்புச்சத்துக்குக் கீரையும் பயறும் சமைத்து எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம். ரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு குறைக்கட்டும்.

அடியோடு விட முடிந்தவர்கள் விடலாம். முடியாதவர்கள் பாதியாகக் குறைத்தாலும் குடலுக்கும் இதயத்துக்கும் அது லாபம். வெட்டுக்குப் போகும் ஆடுகளும் அந்த அளவுக்குக் குறையும்.