வெயிலில் உழைப்பவருக்கு ஒளிச் சிகிச்சை

சென்னை பட்டினப்பாக்கத்து மீனவக் குப்பமான சீனிவாசபுரத்தில், மாவா என்ற பாக்கு-புகையிலைக் கலவையைக் கடைவாயில் அடக்கிக்கொண்டே வலை பின்னுகிறவர்கள் உண்டு. வெற்றிலையோடு புகையிலை சேர்த்துப் போடும் பாட்டிகளும் உண்டு. கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாகவோ சிவப்பாகவோ படை தெரிந்தால், ‘சுண்ணாம்பு பட்டு வெந்திருக்கும்’ என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் படை புற்றாக மாறினாலும், ஆழம் இறங்குவதற்குள் பிடித்துவிட்டால், கத்தி வைக்காமல் ஒளியாலேயே அழிக்க ஒரு வழி இருக்கிறது. போட்டோடைனமிக் சிகிச்சை என்பது அதன் பெயர்.

ஒளி பட்டால் வினைபுரியும் மருந்தை ஊசியாகவோ குடிக்கவோ கொடுப்பார்கள். புற்றுச் செல்களில் அது கூடுதலாகத் தங்கும். பிறகு அந்த இடத்தில் மட்டும் சிவப்பு ஒளியைப் பாய்ச்சுவார்கள். மருந்து அங்குள்ள ஆக்சிஜனை நச்சாக மாற்ற, செல் செத்துவிடும். சில நாள் வீக்கமும் வலியும் இருக்கும். ஆறியபின் தழும்பு குறைவு. பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பெரிதாகப் பாதிப்பு இராது. தேவைப்பட்டால் திரும்பவும் செய்யலாம்.

ஆனால் அந்த ஒளி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்குவது அரிது. கழுத்தில் நெறி கட்டிப் புற்று பரவிவிட்டால் அறுவையும் கதிர்வீச்சும்தான். தொடக்க நிலையிலும் பெரும்பாலும் அறுவைதான் முதல் சிகிச்சை.

இன்னொரு சிக்கலும் உண்டு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. போர்பைமர் என்ற மருந்தை ஊசியில் போட்டால், குறைந்தது 30 நாள் வெயில் படக் கூடாது; பட்டால் தோல் வெந்துவிடும். கடலுக்குப் போகிறவரும் தெருவில் மீன் விற்கிறவரும் ஒரு மாதம் வீட்டுக்குள் இருந்தால் அடுப்பு எப்படி எரியும்? குடிக்கக் கொடுக்கும் ஏ.எல்.ஏ. மருந்துக்கு ஓரிரு நாள் கட்டுப்பாடு போதும். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக மருத்துவர்கள் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து, இந்த மருந்தைக் கொடுத்து, விலை குறைந்த எல்.இ.டி. கருவியால் 635 நானோமீட்டர் சிவப்பு ஒளி பாய்ச்சி, தொடக்கநிலை வாய்ப்புற்றுக்குச் சிகிச்சை செய்து பார்த்திருக்கிறார்கள். புற்று எதுவரை பரவியிருக்கிறது என்று பார்க்க உதவியது செல்போன் கேமரா. நம் குப்பங்களுக்கு ஏற்றது இந்த வகைதான்.

எந்தச் சிகிச்சையானாலும் முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, பட்டினப்பாக்கத்திலிருந்து திரு.வி.க. பாலம் தாண்டினால் வந்துவிடும். ராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலும் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. இரண்டு வாரமாகியும் படையோ புண்ணோ ஆறவில்லை, அல்லது வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை என்றால், இந்த இரண்டில் ஒன்றுக்கு உடனே போய்க் காட்டுங்கள். மாவாவை இன்றைக்கே விடுங்கள்.