ஆணியில்லா அரண்மனையில் தமிழ்ச் சொற்கள்

கோலா கங்சாருக்குச் செல்வோர் பெரும்பாலும் உபுடியா பள்ளிவாசலைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். அதே புக்கிட் சண்டான் குன்றில், புல்வெளிக்கும் மரநிழலுக்கும் நடுவே நிற்கும் இஸ்தானா கெனாங்கானைக் காண்போர் சிலரே. 1926இல் சுல்தான் இஸ்கந்தர் ஷாவுக்காகச் செபியான் என்னும் தச்சரும் அவர்தம் மக்களும் எழுப்பிய மர மாளிகை அது. வரைபடம் ஏதுமின்றியே கட்டினர் என்பர். இரும்பாணி ஒன்றும் இல்லை. மரத்தை மரத்தில் பொருத்தியே முழுக் கட்டடமும் நிற்கிறது. மேலிருந்து நோக்கினால் உறையிலிட்ட வாளின் வடிவம் தெரியும் என்பது ஊரார் சொல்லும் பெருமை. இஸ்கந்தரியா அரண்மனை எழுந்துகொண்டிருந்த 1931 முதல் 1933 வரை அரச குடும்பம் இங்கே வாழ்ந்தது. 1986இல் இது பேராக் அரச அரும்பொருளகமாயிற்று.

இம்மாளிகையின் கலைச்சிறப்பு அதன் சுவரில்தான் உள்ளது. மூங்கிலைப் பிளந்து, மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாகத் தீட்டி, சாய்சதுரக் கோலங்களாக முடைந்திருக்கின்றனர். நம்மவர் ‘தட்டி’ எனச் சொல்லி எளிதாகக் கடந்துவிடும் பொருள் இங்கு அரசர் இல்லத்தின் அழகாகிவிட்டது. ஆசிரியர் பயிற்சி மாணவர்களை ஒருமுறை அழைத்துச் சென்றபோது, இச்சுவரின் முன் நாம் நெடுநேரம் நின்றோம்.

மொழியியலாளர்க்கு அங்கே வேறொரு காட்சியும் உண்டு. அரண்மனை ஒன்றில் இருக்கத்தக்கவற்றை மலாயில் சொல்லிப் பாருங்கள். படுக்கை ‘காத்தில்’, திரைச்சீலை ‘திராய்’, பேழை ‘பெத்தி’, கேடயம் ‘பெரிசாய்’, மணிக்கல் ‘மாணிக்கம்’, தோட்டத்துக் குளம் ‘கோலம்’, மாளிகையோ ‘மஹ்லிகாய்’. கட்டில், திரை, பெட்டி, பரிசை, மாணிக்கம், குளம், மாளிகை ஆகிய நம் சொற்களே இவை. இவற்றுள் சில பழைய மலாய்க் காப்பியங்களிலேயே வழங்குகின்றன. ஆகவே ரப்பர் தோட்டங்களுக்குப் பல நூற்றாண்டு முன்னரே, கடல் வணிகரோடு வந்தவை எனக் கொள்ளுதல் தகும்.

இங்கே ஒரு தடை சொல்லவேண்டும். மேடை கிடைத்தால் மலாய்ச் சொற்கள் அனைத்தையும் தமிழாக்கிக் காட்டுவோர் நம்மிடையே உளர். ‘இஸ்தானா’, ‘சிங்கஹ்சானா’, ‘ராஜா’ ஆகியவை வடமொழி வழி வந்தவை. இல்லாத உறவு கொண்டாடினால் உள்ள உறவையும் பிறர் ஐயுறுவர்.

உண்மையான கடன்சொற்கள் சொந்தம் கொண்டாடுவதற்கு மட்டும் உரியவை அல்ல, அவை சான்றுகள். தமிழ் எழுத்தில் ககரம் ஒன்றே. ஆயினும் ‘கடல்’ என்பதன் ககரத்தை வன்மையாகவும், ‘அகல்’ என்பதன் ககரத்தை மென்மையாகவும் ஒலிக்கிறோம். இவ்வேறுபாட்டை நம் எழுத்து காட்டுவதில்லை; மலாயின் உரோமன் எழுத்து காட்டிவிடுகிறது. கட்டில், பெட்டி, கப்பல், மாணிக்கம் என இரட்டித்த வல்லினம் வரும் சொற்களில் எல்லாம் அங்கே ஒலிப்பில்லா எழுத்தே நிற்கிறது. கடை, முதல், மாளிகை என வல்லினம் தனித்து இடையில் வரும் சொற்களிலோ ஒலிப்புடைய எழுத்து வந்துவிடுகிறது. ஆசிரியர்கள் இவ்வேழு சொற்களையும் மலாய் எழுத்துக்கூட்டலில் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் போதும். விதியை மாணவர்களே கண்டுபிடித்துவிடுவர். நாம் சோதித்துப் பார்த்ததுண்டு.

இன்னொரு நுட்பமும் உண்டு. குளம் ‘கோலம்’ ஆனதும், முதல் ‘மோடல்’ ஆனதும் ஏன்? பேச்சுத்தமிழில் ‘கொளம்’, ‘மொதல்’ என்றுதானே சொல்கிறோம்! மலாய்க்காரர் காதில் விழுந்தது ஏட்டுத்தமிழன்று, துறைமுகத்து வாய்மொழி. ஆனால் திரை ‘தெரை’ ஆகாமல் ‘திராய்’ என்றே நிற்பது நம் கருத்துக்கு முட்டுக்கட்டை. எல்லாச் சொற்களும் ஒரே காலத்தில், ஒரே வாயிலிருந்து சென்றிரா.

குன்றிலிருந்து இறங்கினால், மாவட்ட அலுவலகத்தின் அருகே ஒரு முதிய ரப்பர் மரம் வேலியிட்டுக் காக்கப்படுகிறது. பிரேசிலிலிருந்து கியூ தோட்டம் வழியாகச் சிங்கப்பூர் வந்த கன்றுகளுள் ஒன்பது 1877இல் இங்கே நடப்பட்டன; பேராக்கின் ஆங்கிலேய ரெசிடெண்ட் ஹியூ லோ அவற்றைப் பேணினார். இன்று எஞ்சியிருப்பது இது ஒன்றே. நம் முன்னோரைப் பிற்காலத்தில் பேராக் தோட்டங்களுக்கு அழைத்தது இந்த மர இனந்தான்.

அவர்கள் மொழியில் கடன் எதிர்த்திசையில் பாய்ந்தது. ஆங்கிலத்து ‘லைன்’ லயம் ஆயிற்று; ‘பரேட்’ பெரட்டு ஆயிற்று; மலாய் ‘ஆத்தாப்’ அத்தாப்பு ஆயிற்று. ஒட்டுப்பால், கட்டிப்பால், பால்வெட்டு, வெளிக்காடு எனத் தமிழிலேயே புதிதாய்ப் பிறந்தவையும் பல. அரண்மனைக்குள் நுழைந்த சொற்களை மலாய் அகராதி காத்துவிட்டது. லயத்தில் பிறந்த சொற்களுக்கு அத்தகைய காவல் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட, பேசியவர்களும் நகரங்களில் சிதறிவிட்டனர். அம்மரத்தடியில் நின்று ‘பெரட்டு’ என்றால் என்னவென்று நம் மாணவர்களைக் கேட்டோம். இருபதின்மரில் மூவரே அறிந்திருந்தனர்.

ஈப்போவுக்குத் திரும்பும் பேருந்தில் ஒரு மாணவி தம் பாட்டியைத் தொலைபேசியில் அழைத்துப் பேசிக்கொண்டே வந்தார். இறங்கும்போது குறிப்பேட்டை நீட்டினார். பதினொரு தோட்டச் சொற்கள் இருந்தன. அவற்றுள் இரண்டு நமக்கும் புதியவை.